மண்டபம் பிடிப்பவரும் மண்டபத்தில் உழைப்பவரும்

ஆண்டு விழாவுக்கோ, பொங்கல் விழாவுக்கோ, பொதுக்குழுவுக்கோ ஒரு சங்கம் மண்டபம் பிடிக்கும்போது வாடகை எவ்வளவு, எத்தனை நாற்காலிகள், ஜெனரேட்டருக்கு டீசல் யார் பொறுப்பு, சமையற்கூடத்தில் தண்ணீர் வருமா என்பன போன்ற கேள்விகள் தவறாமல் கேட்கப்படுகின்றன. அந்த மண்டபத்தைக் கூட்டித் துடைப்பவர், பந்தியில் பரிமாறுபவர், இலை எடுப்பவர், இரவுக் காவலில் நிற்பவர் ஆகியோருக்குக் கூலி தருவது யார், அது சட்டம் வகுத்த அளவுக்கு உள்ளதா, அவர்கள் ஒரு தொழிற்சங்கமாகச் சேர்ந்திருக்கிறார்களா, சேர விரும்பியும் தடுக்கப்பட்டிருக்கிறார்களா என்ற கேள்விகள் ஏறக்குறைய எங்கும் எழுவதில்லை. மண்டப வாடகை என்று செலுத்தப்படும் தொகையில் கட்டடத்தின் விலையோடு இவர்களுடைய உழைப்பின் விலையும் கலந்திருப்பதால், வாடகைக்கு எடுக்கும் அமைப்பு அந்த உழைப்பையும் விலைக்கு வாங்குகிறது என்பதில் ஐயமில்லை. வாங்குபவருக்கு அதில் ஒரு பொறுப்பு உண்டா, உண்டெனில் அது தொழிற்சங்கத்தின் பக்கம் நிற்கும் அளவுக்குச் செல்ல வேண்டுமா என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

பெருநகரங்களில் இந்தக் கேள்விக்கு எளிதாக ஒரு விடை கிடைத்துவிடும். தொழிலாளரை மதிக்காத விடுதியை விட்டு மதிக்கும் விடுதிக்குச் செல்லலாம் என்று சொல்லி முடித்துவிடலாம். அந்த விடை செல்லுபடியாகாத இடங்களில்தான் கேள்வியின் உண்மையான கடினம் தெரிகிறது. அந்தமானின் பாராடாங் தீவு அத்தகைய இடங்களில் ஒன்று. வடக்கு, நடு அந்தமான் மாவட்டத்தின் ரங்கத் வட்டத்தில், தலைநகரான போர்ட் பிளேரிலிருந்து (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் இத்தீவு உள்ளது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் காத்திருந்து, ஜாரவா பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட காட்டின் ஊடாக வாகன அணியாக மட்டுமே செல்ல அனுமதிக்கப்படும் அந்தமான் நெடுஞ்சாலையில் பயணம் செய்து, மிடில் ஸ்ட்ரெய்ட் கால்வாயை வாகனப் படகில் கடந்தால்தான் நிலம்பூர் துறையை அடைய முடியும். சுண்ணாம்புக் குகைகளையும் சேற்று எரிமலையையும் பார்க்க வரும் பயணிகளில் பெரும்பாலோர் அன்றே திரும்பிவிடுவதால், பெரிய விடுதிகளோ மாநாட்டு அரங்குகளோ அங்கு வளரவில்லை. கூட்டம் நடத்த விரும்பும் அமைப்புக்கு ஊராட்சியின் சமுதாயக் கூடம், பள்ளி மைதானம், தேவாலய வளாகம் போன்ற ஒரு சில இடங்களே உள்ளன. ஒன்றைப் புறக்கணித்து மற்றொன்றைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சுக்கே அங்கு இடம் குறைவு.

தீவின் மக்கள்தொகை உருவான விதமும் இந்த ஆராய்ச்சிக்குத் தொடர்புடையதே. காட்டு மரத் தொழிலுக்காக வனத்துறை 1918 முதல் சோட்டா நாக்பூர் பகுதியிலிருந்து ஆதிவாசித் தொழிலாளரை, ராஞ்சியிலிருந்த கத்தோலிக்கத் தொழிலாளர் அமைப்பொன்றின் வழியாக வரவழைத்தது. 'ராஞ்சிக்காரர்' என்று பொதுவாக அழைக்கப்படும் அவர்களுடைய வழிவந்தோர் பாராடாங்கில் கணிசமாக வாழ்கின்றனர். தாயகத்தில் பட்டியல் பழங்குடியினராகக் கருதப்படும் இவர்கள் அந்தமானில் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. காட்டுக் கூலி வேலையே அவர்களைத் தீவுக்குக் கொண்டுவந்தது. 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் வணிக மரவெட்டுக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்த பின் அந்த வேலையும் சுருங்கியது. பிறகு சுற்றுலா வளர்ந்தது, படகு ஓட்டுவதும் வழிகாட்டுவதும் உணவு விற்பதும் பிழைப்பாயின. ஜாரவா காட்டுச் சாலையில் சுற்றுலாப் பயணிகள் செல்ல உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் இடைக்காலத் தடை விதித்தபோது, அது விலக்கப்படும்வரை சில வாரங்கள் அந்தப் பிழைப்பும் நின்றது. ஜாரவாக்களின் நலனைக் காக்க விதிக்கப்பட்ட அத்தடை நியாயமானது என்றே கொண்டாலும், பயணிகள் வராமற்போனால் அதன் சுமை முதலில் யார் தலையில் இறங்கும் என்பதை அவ்வாரங்கள் காட்டின. வெளியூரிலிருந்து வரும் ஓர் அமைப்பு, உரிமையாளர் மீதுள்ள கோபத்தால் தன் நிகழ்ச்சியை ரத்து செய்ய எண்ணும்போது இது நினைவில் இருக்க வேண்டும். நாட்கூலி பெறுபவர்களைக் கேட்காமல் தொடுக்கும் புறக்கணிப்பு, அவர்களுக்காகச் செய்யப்பட்டதாயினும் அவர்களையே முதலில் தாக்கும்.

அந்தமானில் மிகப் பெரிய முதலாளி அரசே. சாலை, குடிநீர், மின்சாரம், துறைமுகம் ஆகிய துறைகளில் நிரந்தர ஊழியரோடு தினக்கூலி மஸ்தூர்களும் பல ஆண்டுகளாக வேலை செய்கின்றனர். மஸ்தூர் என்பது அங்கு அன்றாடப் பேச்சில் வழங்கும் சொல். ஏறத்தாழ 4,000 மஸ்தூர்களுக்கு உரிய ஊதியமும் அகவிலைப்படியும் கோரி அந்தமான் சார்வஜனிக் நிர்மாண் விபாக் மஸ்தூர் சங்கம் என்ற தொழிற்சங்கம் நடத்திய வழக்கு, 2023 ஆகஸ்ட் 3 அன்று நாடெங்கும் பேசப்பட்டது. தன் முந்தைய உத்தரவு நிறைவேற்றப்படவில்லை என்று கண்ட கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வு, தலைமைச் செயலாளரைப் பணியிடைநீக்கம் செய்யவும், துணைநிலை ஆளுநர் 5 லட்சம் ரூபாய் செலுத்தவும் ஆணையிட்டது; மறுநாளே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. வழக்கின் முடிவு எதுவாயினும், கூலி கேட்டு ஒரு நிர்வாகத்தின் உச்சிவரை செல்லும் ஆற்றல் தனி மஸ்தூர் எவருக்கும் இருந்திருக்காது என்பதும், அந்த ஆற்றல் சங்கமாகச் சேர்ந்ததால் மட்டுமே வந்தது என்பதும் அதிலிருந்து தெளிவாகின்றன.

அரசுக் கூடத்தை வாடகைக்கு எடுப்பவருக்கு விலை பேசும் வாய்ப்பில்லை. கட்டணம் முன்பே குறிக்கப்பட்டது. ஆயினும் அவருக்கு முன் ஒரு தேர்வு எழக்கூடும். துப்புரவுத் தொழிலாளரும் மின்பணியாளரும் வேலைநிறுத்தத்தில் உள்ள நாளில் நிகழ்ச்சி வந்துவிட்டால், அமைப்பின் இளைஞர்களே துடைப்பத்தை எடுத்துக் கூடத்தைச் சுத்தம் செய்து விழாவை நடத்திவிடுவது இயல்பாக நடக்கும். சிரமதானம் என்ற பெயரில் பாராட்டப்படும் இந்தச் செயல், வேறு நாளில் உண்மையிலேயே பாராட்டுக்குரியதே. வேலைநிறுத்த நாளில் அதுவே, நிறுத்தத்தின் வலுவைக் கரைத்து நிர்வாகத்துக்குப் பேச்சுவார்த்தை தேவையில்லாமல் செய்யும் செயலாக மாறிவிடுகிறது. விழாவை ஒரு வாரம் தள்ளி வைப்பது அல்லது தொழிலாளரிடமே சென்று அவர்கள் ஒப்புதலைக் கேட்பது, புறக்கணிப்பைவிட எளியதும் செலவற்றதுமான ஆதரவாகும்.

சமூக அமைப்புக்கும் தொழிற்சங்கத்துக்கும் ஒட்டும் உறவும் இல்லை என்று நினைப்பவர்கள், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் பிறந்த கதையை அறிந்தால் வியப்படையக்கூடும். சென்னைப் பெரம்பூரில் ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற ஒரு சமய அமைப்பு இருந்தது. சொற்பொழிவுகள் நடத்துவதே அதன் பணி. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள் அங்கு வருவது வழக்கமாதலால், சபையை நடத்திய செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அவர்களுடைய குறைகளைச் செவிமடுத்தனர். நெடிய வேலை நேரம், மிகக் குறுகிய நண்பகல் இடைவேளை, மேலாளர்களின் வசையும் அடியும் ஆகியவை பற்றிய அக்குறைகளைத் தீர்க்கத் தங்களால் இயலாது என்று உணர்ந்த அவர்கள், அதே சபையின் மேடைக்குத் திரு. வி. கலியாணசுந்தரனாரை 1918-ன் தொடக்கத்தில் அழைத்தனர். அடுத்து அன்னி பெசண்டின் நெருங்கிய துணைவரான பி. பி. வாடியாவை நாடினர். அந்த ஆண்டு ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. ராஞ்சித் தொழிலாளரை வனத்துறை அந்தமானுக்கு அழைத்த அதே ஆண்டு அது.

அந்தச் சபைக்குத் தொழிலாளரியக்கம் பற்றிய கொள்கை எதுவும் இருந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. தன் கூடத்தில் ஏற்கெனவே வந்து அமர்பவர்களின் துன்பத்தை அது காதில் வாங்கியது. கேட்டபின் தன் மேடையை அவர்களுக்குத் தந்தது. விளைவு சிறியதன்று. அந்த ஆலைகளை நடத்திய பின்னி நிறுவனம் 1920-ல் வாடியா உள்ளிட்டோர் மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது; தொழிலாளரை ஒன்றுதிரட்டியவர்களை அவ்வாறு நீதிமன்றத்துக்கு இழுக்க முடிந்த நிலை, சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரலை வலுப்படுத்தியது. 1926-ன் தொழிற்சங்கச் சட்டம் அதன் பின்னணியில் வந்தது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்று அனுமதித்ததும், முறையாகப் பதிவான சங்கத்தின் நியாயமான நடவடிக்கைக்காகச் சதி வழக்கோ நட்டஈட்டு வழக்கோ தொடுக்க முடியாதபடி காத்ததும் அச்சட்டமே.

இந்தக் கதையை இத்துடன் நிறுத்தினால் அது நேர்மையாகாது. 1921-ல் அதே ஆலைகளில் நடந்த வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் சேரவில்லை. சாதி அவர்களை மற்றவர்களிடமிருந்து ஆலைக்கு வெளியே பிரித்து வைத்திருந்த நிலையில், ஆலைக்குள் மட்டும் ஒற்றுமையை எதிர்பார்த்தது எவ்வளவு வெறுமையானது என்பது புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தபோது வெளிப்பட்டது. மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தமும் தோல்வியில் முடிந்தது. சமூக அமைப்பு தன் உறவினரின் துயரை மட்டும் தொழிலாளர் துயராகக் கண்டால் நிகழும் கேடு இது. பாராடாங்கிலும் ராஞ்சிக்காரர், வங்காளிகள், தமிழர், தெலுங்கர், மலையாளிகள் எனப் பல மொழியினர் அருகருகே வாழ்கின்றனர். ஒரு தமிழ்ச் சங்கமோ, ஒரு தேவாலயப் பேரவையோ தன் மொழியினர் வேலை செய்யும் இடத்துக்கு மட்டும் ஆதரவு கொடுத்து, பக்கத்திலுள்ள மற்றவர்களின் கூலியைப் பற்றி மௌனமாக இருந்தால், அதைத் தொழிற்சங்க ஆதரவு என்று அழைக்க முடியாது.

கடல் கடந்த நாடுகளில் இடத் தேர்வே போராட்டத்தின் ஒரு பகுதியாக வளர்ந்திருக்கிறது. அமெரிக்க விடுதித் தொழிலாளரின் பெரிய சங்கமான யுனைட் ஹியர், எந்த விடுதிகளில் தொழிலாளருடன் ஒப்பந்தம் உள்ளது, எவற்றில் புறக்கணிப்பு நடக்கிறது என்று பட்டியலிட்டு வெளியிடுகிறது. மாநாடு நடத்தும் அமைப்புகள் அதைப் பார்த்து இடம் பிடிக்கலாம். 2004 இலையுதிர் காலத்தில் சான் பிரான்சிஸ்கோ விடுதிகளில் வேலைநிறுத்தமும், அதைத் தொடர்ந்து முதலாளிகள் தொழிலாளரை வெளியே நிறுத்திய கதவடைப்பும் நடந்தன. அப்போது அமெரிக்க மானுடவியல் சங்கம் அந்நகரின் ஹில்டனில் நடத்தவிருந்த ஆண்டு மாநாட்டை அட்லாண்டாவுக்கு மாற்றியது; அமெரிக்க வரலாற்றறிஞர் அமைப்பும் 2005 கூட்டத்தைச் சான் ஹோசேக்குக் கொண்டு சென்றது. கொள்கைக்கு விலை இருந்தது. மானுடவியலாளரின் மாநாட்டுக்கு வந்தவர்கள் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. மாநாட்டு ஒப்பந்தங்களில் இத்தனை அறைகளை நிச்சயம் நிரப்புவோம் என்று அமைப்பு உறுதியளிக்கும் விதியும், எதிர்பாராத பேரிடரில் மட்டுமே விலக அனுமதிக்கும் விதியும் இருப்பதால், இடத்தை மாற்றுவது இழப்பீட்டுச் சுமையையும் இழுத்து வரும். இந்த அனுபவத்தின் பின், தொழிலாளர் தகராறு ஏற்பட்டால் இழப்பீடின்றி விலகலாம் என்ற வாசகத்தை முன்கூட்டியே ஒப்பந்தத்தில் சேர்ப்பது அங்கு பல அமைப்புகளின் வழக்கமாயிற்று. பதிவு செய்த பின் போராட்டம் வெடித்தால் எதுவும் செய்ய முடியாமல் கையைப் பிசைவதைவிட, கையெழுத்திடும் முன் ஒரு வரியைச் சேர்ப்பது எவ்வளவு எளிது என்பதைத் தமிழ்நாட்டின் அமைப்புகள் ஏன் கற்றுக்கொள்ளவில்லை என்பது வியப்புக்குரியது. ஜூலை மாதங்களில் வட அமெரிக்காவில் பேரவை விழாக்கள் நடத்தும் தமிழ்ச் சங்கங்களுக்கும் அதே ஒப்பந்தங்கள்தாம் நீட்டப்படுகின்றன.

ஆனால் அந்த முறையை அப்படியே இங்கு பொருத்த முயல்வது வீண்வேலை. தமிழ்நாட்டுக் கல்யாண மண்டபத்தில் ஆதரிப்பதற்கென ஒரு சங்கமே பெரும்பாலும் இருப்பதில்லை. மண்டப உரிமையாளரின் நேரடி ஊழியர் என்று மேலாளரும் காவலாளியும் ஓரிருவரும் இருக்க, சமையல் ஒருவருக்கும், பந்தல் அலங்காரம் மற்றொருவருக்கும், இலை எடுத்துப் பாத்திரம் கழுவும் வேலை மூன்றாமவருக்கும் என ஒப்பந்தமாகப் பிரிக்கப்படுகிறது. முகூர்த்த நாள்களில் மட்டும் அழைக்கப்படும் இந்த ஆட்கள் ஒரே முதலாளியிடம் தொடர்ந்து நிற்பதில்லை. சேர்ந்து நிற்க அவர்களுக்கு நாளும் கிடைப்பதில்லை, இடமும் கிடைப்பதில்லை. 1982-ல் நிறைவேறிய தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் அமைந்த நல வாரியங்களில் சமையல் தொழிலாளருக்கென ஒரு வாரியம் உண்டு. அதில் பதிவு செய்தவர்களுக்கு விபத்து உதவி, குழந்தைகளின் கல்வி உதவி, முதுமையில் ஓய்வூதியம் முதலியவை கிடைக்கின்றன. மண்டபத்துக்கு வரும் சமையல்காரரும் உதவியாளரும் அந்த வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று ஒப்பந்ததாரரிடம் கேட்பதும், இல்லையெனில் பதிவுக்கு உதவுவதும், சங்கம் இல்லாத இடத்தில் ஓர் அமைப்பால் உடனே செய்யக்கூடியவை. அந்தந்த ஆளின் கூலி அவர் கையிலேயே சேர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவதும் அப்படிப்பட்டதே. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் வேலையைக் கொடுத்தவரே பொறுப்பேற்க வேண்டும் என்ற முதன்மை முதலாளிப் பொறுப்பு 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. ஆயினும் அது 20 பேரோ அதற்கு மேலோ ஒப்பந்தத் தொழிலாளராக வேலை செய்யும் இடங்களுக்கே பொருந்தியதால் மண்டபங்களுக்குப் பெரிதாக உதவவில்லை.

அமைப்புகள் தயங்குவதற்கு வலுவான ஒரு காரணம் கட்சி. இந்தியாவில் சி.ஐ.டி.யு., ஐ.என்.டி.யு.சி., பி.எம்.எஸ்., தொ.மு.ச. ஆகிய மைய அமைப்புகள் ஒவ்வொன்றும் ஓர் அரசியல் கட்சி அல்லது இயக்கத்தோடு சேர்த்தே அறியப்படுகின்றன. அவற்றில் ஒன்றை ஆதரித்தால் தன்னையும் அந்தக் கட்சியின் கிளையாகக் கருதிவிடுவர் என்று மொழி, சமய, குடியிருப்போர் அமைப்புகள் அஞ்சுவது இயற்கை. அரசியலில் ஈடுபடோம் என்ற விதி பல சங்கங்களின் சாசனத்திலேயே உள்ளது. இந்த அச்சம் பொய்யன்று. எனினும் கொடியையும் கூலியையும் பிரித்துப் பார்க்க முடியும். எந்தக் கட்சியின் கொடி என்ற கேள்வி வரும்போது அமைப்பு ஒதுங்கலாம். இங்கு வேலை செய்பவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கிறதா, சங்கம் சேர்ந்ததற்காக எவரேனும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்களா என்ற கேள்விகளுக்கு எந்தக் கொடியும் தேவையில்லை. ஒரே இடத்தில் இரண்டு சங்கங்கள் போட்டியிட்டால், எதை ஆதரிப்பது என்பதைத் தொழிலாளர் வாக்கெடுப்பே முடிவு செய்யட்டும் என்று விடுவதே முறை.

இடம் பிடிப்பதில் மட்டுமன்றி இடம் தருவதிலும் இதே பிரச்சினை உண்டு. அதில் அமைப்புகளின் ஆற்றல் இன்னும் பெரிது. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைச் சென்னைக் கடற்கரையில்தான் கொண்டாடினார். நூறாண்டுக்குப் பின் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள்கள் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தில், தங்கள் சங்கம் அங்கீகரிக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையோடு, அமர ஒரு நிழல் வேண்டும் என்ற தேவையும் சேர்ந்தே நின்றது. ஆலைக்குச் சற்றுத் தள்ளி அவர்கள் அமைத்த பந்தல் அக்டோபரில் அகற்றப்பட்டபோது அவர்கள் வெட்டவெளியில் கூடினர். சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது. மண்டபமோ சமுதாயக் கூடமோ சொந்தமாக வைத்திருக்கும் ஓர் அமைப்பு, சங்கக் கூட்டத்துக்கு என்றால் வாடகைக்கில்லை என்று சொல்லாமல் மற்றவர்களுக்குரிய அதே கட்டணத்தில் தருமானால், அந்த ஒரு முடிவு நூறு புறக்கணிப்புத் தீர்மானங்களைவிடப் பயன் தரும். பாராடாங் போன்ற தீவில் இருப்பதே ஒரு சில கூடங்கள் என்னும்போது இதன் எடை மேலும் கூடுகிறது. அங்கு படகோட்டிகளும் விடுதிப் பணியாளரும் சங்கம் அமைக்க விரும்பினால், முதலில் அவர்களுக்குத் தேவைப்படுவது உரிமையாளரின் கண்பார்வைக்கு அப்பால் கூடிப் பேச ஒரு மாலை நேரமும் நான்கு சுவர்களுமே.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்த பின் சட்ட நிலையும் மாறியுள்ளது. ஊதியத் தொகுப்பு எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்துவதால், மூன்று பேர் வேலை செய்யும் தங்கும் விடுதியும் குறைந்தபட்சக் கூலி தர வேண்டும். பணியிடப் பாதுகாப்புத் தொகுப்போ பொதுவாகப் 10 பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களுக்கே பொருந்தும். நியமனக் கடிதம் தர வேண்டும் என்ற விதி அத்தொகுப்பில்தான் உள்ளது. ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய விதிகள் பொருந்தும் எல்லையும் 20-லிருந்து 50 ஆக உயர்த்தப்பட்டுள்ளது. நியமனக் கடிதம் இல்லாத ஆள், தான் அங்கு வேலை செய்ததையே மெய்ப்பிக்க முடியாமல் தவிப்பார் என்பதால் அக்கடிதம் வெறும் காகித விஷயமன்று. பாராடாங்கின் உணவகங்களும் தங்கும் இடங்களும் பெரும்பாலும் இந்த எண்களுக்குக் கீழேயே நிற்கின்றன. தொழிலாளர் துறை அதிகாரியும் மிடில் ஸ்ட்ரெய்ட்டைக் கடந்து அடிக்கடி வரப்போவதில்லை. சட்டம் கட்டாயப்படுத்தாத அந்த நியமனக் கடிதத்தை, முப்பது பேருக்கு உணவும் தங்குமிடமும் கேட்டுத் தொலைபேசியில் பேசும் சங்கச் செயலாளர் முன்பணம் அனுப்புமுன் கேட்கலாம்.